பதர் பக்கம், நெல் பக்கம்

எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் பெண்கள் உட்காரும் பகுதிக்குப் பதர் பக்கம் என்று பெயர். ஆண்கள் உட்காருவது நெல் பக்கம். யாரும் இதைக் கேலியாகச் சொல்வதில்லை. சொல்லிச் சொல்லிக் கேலி தேய்ந்துபோய்விட்டது என்றும் வைத்துக்கொள்ளலாம். பதர் பக்கத்து ஜன்னலில் சாவியை வைத்திருப்பதாக, கோயிலைத் திறந்து பூட்டும் கோயில்பிள்ளை சொல்வார். கல்யாணத்தின்போது புகைப்படக்காரரை நெல்லுப் பக்கம் வந்து நின்று எடுக்கச் சொல்வார்கள், அங்கேதான் வெளிச்சம். வெளியூர்ப் புகைப்படக்காரர் நெல் மூட்டை எங்கே அடுக்கியிருக்கிறது என்று சுற்றுமுற்றும் பார்ப்பார்.

ஊர் வலங்கைமானுக்குப் பக்கம். நான் தஞ்சாவூரில் ஒரு நாளிதழில் செய்தி திருத்துபவன். அக்கா ஊரிலேயே இருக்கிறாள், மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை, கோயிலின் பெண்கள் சபைக்குத் தலைவி. வார விடுமுறையில் நான் ஊருக்குப் போனால் பூசைக்கு நெல் பக்கமும் சாப்பாட்டுக்கு அக்கா வீடுமாகப் பொழுது போகும்.

இந்தப் பெயர்கள் பீடத்துக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து வந்தவை. கோயில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டியது. சுவர் முழுக்கக் கண்ணாடிச் சில்லுகளால் ஆன சித்திரம். சீமையில் ஏதோ ஒரு பட்டறையில் சில்லுகளைத் தாளில் ஒட்டி, பெட்டி பெட்டியாகக் கப்பலில் அனுப்பி, இங்கே சுண்ணாம்புக் காரையில் பதித்தார்கள் என்று சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் மொசைக் என்றால் வீட்டுத் தரைதான் நினைவுக்கு வரும் என்பதால், ஊரில் அதை யாரும் மொசைக் என்று சொல்வதில்லை. சில்லுச் சுவர் என்பார்கள்.

நடுவில் ஒரு வெள்ளைப் பறவை தன் மார்பைத் தானே கொத்திக்கொண்டு நிற்கிறது. காலடியில் மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்திருக்கின்றன. அது கூழைக்கடா. தன் ரத்தத்தை ஊட்டிக் குஞ்சுகளைக் காப்பாற்றும் என்று அந்தக் காலத்து ஐரோப்பியர் நம்பியதால் கிறிஸ்துவுக்கு அடையாளமாக வைத்தார்கள். சிக்கல் என்னவென்றால், வரைந்தவர் கூழைக்கடாவைப் பார்த்ததில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் வடுவூர் ஏரிக்குப் போனால் அவை வந்து இறங்கியிருக்கும். அலகுக்குக் கீழே பை இல்லாமல், பருந்து மூக்கோடு, அன்னத்தின் கழுத்தோடு நிற்கும் இதைக் கூழைக்கடா என்று அவர்களிடம் சொல்லி ஒப்புக்கொள்ள வைக்க முடியாது. அவர்களுக்கு அது சாமிக்கொக்கு.

பறவைக்கு மேலே ஒரு திராட்சைக் கொடி, இரண்டு பக்கமும் மயில்கள். மயிலின் உடல் அழுகாது என்று ஒரு பழைய நம்பிக்கை, அதனால் அது நித்திய வாழ்வுக்கு அடையாளம். இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சொன்னபோது, நெல் பக்கத்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், நித்திய வாழ்வு நாற்றங்காலை விட்டுவிட்டு வேறெங்காவது போய் மேயக்கூடாதா என்று முணுமுணுத்தார். இப்போதெல்லாம் மயில் கூட்டம் இறங்கினால் விதைத்த நெல் மிஞ்சுவதில்லை.

மயில்களுக்குக் கீழே, சுவரின் இரண்டு ஓரங்களிலும் ஆளுயரத்துக்குக் கதிர்கள். அதாவது, இரண்டு ஓரங்களிலும் என்று நாங்கள் நம்பினோம். கண்ணுக்குத் தெரிந்தது இடது ஓரம் மட்டும்தான். வலது ஓரத்துக்கு முன்னால் ஒரு பெரிய மரப் பீடத்தில் அந்தோணியார் நின்றார். அவருக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எட்டிப் பார்த்தவர் யாருமில்லை. ஓதம் ஏறிச் சுவரே அங்கு கறுத்துக் கிடந்தது.

இடது ஓரத்துக் கதிர் மஞ்சளும் தங்கமுமாக, விறைப்பாக நிமிர்ந்து நின்றது. நெல் விளையும் ஊரில் நிமிர்ந்து நிற்கும் கதிருக்கு ஒரே அர்த்தம்தான். உள்ளே பால் பிடிக்கவில்லை, மணி இல்லை, அது பதர். மணி பிடித்த கதிர் தன் எடை தாங்காமல் வளைந்துவிடும். இடது பக்கம் பதர் என்றால் வலது பக்கம் நெல்லாகத்தானே இருக்க வேண்டும்? கடைசி நாளில் தூற்றிப் பிரிப்பதைப் பற்றி வேதத்தில் வருகிறதே. ஆகவே அந்தோணியாருக்குப் பின்னால் வளைந்த நெற்கதிர் இருக்கிறது என்பது யாரும் பார்க்காமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதைக் கற்பித்தவர் எந்தச் சாமியார் என்று தெரியவில்லை. ஞான உபதேச வகுப்பில் எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த வேத வாசகத்தில் ஒவ்வொரு வருஷமும் கோதுமை என்றுதான் படிக்கிறார்கள். காதில் கோதுமை விழும், கண்ணில் நெல் தெரியும். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்ததில்லை.

பெண்கள் இடது பக்கம் உட்காரும் வழக்கம் அதற்கும் முந்தியது. இரண்டும் சேர்ந்ததில் பெயர் ஒட்டிக்கொண்டது. பையன்கள் புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கியதும் அம்மாவிடமிருந்து அப்பா பக்கம் போக வேண்டும். பதரிலிருந்து நெல்லுக்கு மாறியாச்சு என்று அன்றைக்குப் பெரியவர்கள் முதுகில் தட்டுவார்கள். நான் மாறிய அன்று அக்கா உபதேசியாரிடம் போய், நாங்கள் மட்டும் ஏன் பதர் என்று கேட்டாள். அது வெறும் படம்தானே என்று அவர் சொன்னாராம். வெறும் படமென்றால் இடம் மாறி உட்காரலாமா என்று இவள் திருப்பிக் கேட்டதற்கு, முட்டிபோட வைத்தார்.

கதைக்கு வருகிறேன். என்னோடு பள்ளியில் படித்த ஒருவன் மஸ்கட்டில் இருந்தான். அவன் குடும்பம் தலைமுறையாக நெல் வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பம். இவனுக்கு வியாபாரம் ஒட்டவில்லை. மஸ்கட்டில் ஓட்டல் நீச்சல்குளங்களுக்கும் பெரிய வீடுகளின் சுவர்களுக்கும் சில்லுச் சித்திரம் பதிக்கும் வேலை. கைவேலை சுத்தம். அதை அவனே சொல்லிக்கொள்வான், கேட்காதவர்களிடமும். தான் பதித்த டால்பின் ஒன்றைப் பார்த்து ஒரு குழந்தை தண்ணீரில் குதிக்க மறுத்துவிட்டது என்ற கதையை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் டால்பின் கொஞ்சம் பெரிதாகும்.

அவன் விடுப்பில் வந்தவன், திரும்பிப் போக விரும்பவில்லை. வலங்கைமான் கடைத்தெருவில் டைல்ஸ் கடை போட்டான். மகள் வளர்ந்ததை போனில்தான் பார்த்தேன், கல்யாணத்தையும் போனில் பார்க்கணுமா என்று என்னிடம் கேட்டான். மஸ்கட்டில் மேஸ்திரி இவனுக்காக விசாவைப் பிடித்து வைத்திருந்தார். நோன்புப் பெருநாள் முடிந்ததும் வருகிறானா இல்லையா என்று இவன் சொல்லிவிட வேண்டும். கடையில் டைல்ஸ் விற்றது, பதிக்கும் வேலைக்குத்தான் இவனை யாரும் கூப்பிடவில்லை. மஸ்கட் கூலி கேட்பான் என்று பயந்தார்கள். நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி ஒரு வேலை உள்ளூரில் கிடைத்துவிட்டால் போதும், இங்கேயே இருந்துவிடுவேன் என்றான்.

அந்த வேலையை மழை கொடுத்தது. கார்த்திகையில் விடாமல் பெய்ததில் ஓதம் இன்னும் ஏறி, அந்தோணியாருக்குப் பின்னாலிருந்த காரை மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தது. சிலையை நகர்த்திப் பார்த்தபோது அங்கே சுவர்தான் இருந்தது. கீழே மஞ்சளும் பச்சையும் தங்கமுமாக ஒரு குவியல். கோயில்பிள்ளை அதைக் கூட்டி அள்ளி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு வைத்தார்.

கோயில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவையின் செயலாளர் அரிசி ஆலை வைத்திருப்பவர். ஊரில் எது நடந்தாலும் முதல் ஆளாக நிற்பார், நின்றதை மறக்கவும் விடமாட்டார். மெயின் ரோட்டில் பெரிய கல்யாண மண்டபம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். நான்தான் நண்பனை அவரிடம் அழைத்துப் போனேன். இவன் போனிலிருந்த படங்களைக் காட்டினான், டால்பின் உட்பட. அவருக்குப் பிடித்துவிட்டது. கோயில் வேலையை நல்லபடியாக முடித்தால் மண்டபத்துத் தரை, சுவர் எல்லாமே இவனுக்குத்தான் என்று சாட்சிகளின் முன்னிலையில் சொன்னார். நண்பன் அன்று இரவே மனைவியிடம் பெட்டியைப் பரண்மேல் போடச் சொன்னான்.

வேலை தொடங்குமுன் சுவரைப் பார்க்கப் பேரவைக்காரர்கள் வந்தார்கள். நண்பன் இடது ஓரத்துக் கதிரைத் தாளில் படியெடுத்து வைத்திருந்தான். இதைத் திருப்பிப் போட்டால் வலது ஓரம் ஆகிவிடும், சுலபம் என்றான்.

"அது பதரு தம்பி," என்றார் செயலாளர். "ஆம்பளைங்க பக்கமும் பதர வைக்கப் போறீங்களா?"

நண்பன் தாளை ஒரு தடவை பார்த்தான். பிறகு தலையில் தட்டிக்கொண்டு சிரித்தான். நெல் வியாபாரி வீட்டில் பிறந்துவிட்டு நிமிர்ந்த கதிரைக் கேள்வி கேட்காமல் படியெடுத்தேனே என்றான். வலப்பக்கம் வளைந்திருந்ததா என்று அங்கிருந்த எல்லோரையும் கேட்டான். எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஒருவர் வளைவு எந்தப் பக்கம் என்றுகூடக் கையால் காட்டினார். என்னையும் கேட்டிருந்தால் நானும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

மஸ்கட்டாக இருந்திருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது என்று அவனே பின்னால் சொன்னான். அங்கே கதிரைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. இடப்பக்கம் எப்படியோ வலப்பக்கம் அப்படி என்று பதித்துவிட்டுக் கூலி வாங்கியிருப்பான்.

தை கடைசியில் வேலை நடந்தது. வெளியே சம்பா அறுப்பு. அவன் வயலுக்குப் போய் முற்றிய கதிர் ஒன்றைப் பறித்து வந்து சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டு, அதைப் பார்த்துப் பார்த்துப் பதித்தான். வாளியிலிருந்த பழைய சில்லுகளையே பெரும்பாலும் பயன்படுத்தினான். முடித்த பிறகு நான் போய்ப் பார்த்தேன். மிகையில்லாமல் சொல்கிறேன், அது அருமையான நெற்கதிர். கழுத்து வளைந்து, கிளைகள் பிரிந்து, ஒவ்வொரு மணியும் கனத்துத் தொங்கியது. கீழ் மணிகளில் லேசாகப் பச்சை ஓடியது. கையை நீட்டினால் உருவிவிடலாம்.

முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் ஆண்கள் அதன் முன்னால் கூட்டமாக நின்றார்கள். இது பொன்மணியா, ஆடுதுறையா என்று ரகம் பற்றி வாக்குவாதம் நடந்தது. செயலாளர், தானே நட்டு வளர்த்த மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா கூட்டம் கலையும்வரை காத்திருந்துவிட்டு நண்பனிடம் வந்தாள்.

"கைவேலை நல்லாத்தான் இருக்கு தம்பி. ஒரு நாள் எங்க பக்கம் வந்து உக்காந்து பாருங்க. அங்கேருந்து இன்னும் நல்லாத் தெரியும்."

நண்பன் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான். நான் திருத்தவில்லை.

புதிதாக வந்திருந்த பங்குத்தந்தை இளைஞர், தென்மாவட்டத்துக்காரர். கோயில் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து நிறையப் பேர் வருவார்கள், சித்திரத்தில் எது எதற்கு அடையாளம் என்று ஒரு பலகை எழுதி வைக்கலாம் என்று யோசித்தார். பத்திரிகைக்காரன் என்றால் இரண்டு வரியில் எழுதிவிடுவான் என்று என்னைப் பிடித்தார். உட்கார்ந்தேன். பறவை எழுதினேன். மயில் எழுதினேன். கதிருக்கு வந்ததும் கை நின்றது. எங்கள் அலுவலகத்தில் படத்துக்குக் கீழே வரி எழுதுபவர் படத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்தாக வேண்டும். இந்தப் படத்தில் பாதியை நாங்களே போட்டிருக்கிறோம்.

இது என்ன கதிர் என்று பங்குத்தந்தையைக் கேட்டேன். நெல் என்று சொல்கிறார்கள் என்றார். சொல்கிறார்கள் என்று பலகையில் எழுத முடியாதே என்றேன். அவர் இடப்பக்கத்துக் கதிரை உற்றுப் பார்த்தார். மணிகளின் நுனியில் மீசை போல நீளமாக முடி இருந்தது. வாலுள்ள நெல் ரகங்களும் உண்டுதான், அதனால் அது எங்களை உறுத்தியதே இல்லை. அவரை உறுத்தியது. கடற்கரைப் பக்கம் ஒரு கோயிலில் தான் உதவியாக இருந்தபோது இதே பறவையைப் பார்த்த ஞாபகம் என்றார். ஒரே பட்டறையிலிருந்து ஒரே மாதிரி இரண்டு கோயில்களுக்கு வந்திருக்கலாம்.

அடுத்த வார விடுமுறையில் பஸ் ஏறினேன். நன்னிலம் தாண்டும்வரை இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல்கள், இயந்திரம் சுருட்டிப் போட்ட வைக்கோல் உருளைகள், தாளடியில் முளைத்து வரும் உளுந்து. அதன் பிறகு மண் வெளுத்து, காற்றில் உப்பு வந்தது. கோயில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்த கையைத் துடைத்துக்கொண்டு வந்து திறந்துவிட்டார்.

அதே பறவை. அதே மயில்கள். கீழே இரண்டு ஓரங்களிலும் இரண்டு கதிர்கள், விறைப்பாக, நேராக, மீசையோடு. ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றது. முன்னால் சிலை எதுவும் இல்லை.

இது என்னங்க என்று அந்த அம்மாவைக் கேட்டேன். இதைக் கேட்கவா பஸ் ஏறி வந்தாய் என்பது போல என்னைப் பார்த்தார்.

"கோதும. நன்மை குடுக்குற அப்பம் அதுலதான செய்யுறாங்க."

அந்த ஊரில் நெல்லும் கோதுமையும் கடையில் வாங்குவது. கதிர் நிமிர்ந்தால் என்ன, வளைந்தால் என்ன, அவர்களுக்கு அதில் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. சாமியார் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கூழைக்கடாவில்தான் கொஞ்சம் வழுக்கியிருந்தார்கள். அதை அந்த அம்மா கடல்பருந்து என்றார்.

கோயில் படிக்கட்டில் உட்கார்ந்து படத்தை நண்பனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்று நீல நிறத்தில் குறி விழுந்தது. பிறகு அழைத்தான்.

"மாப்ள, ரெண்டும் நிமுந்துதான் நிக்குதா?"

"ரெண்டும்."

"யாருக்கெல்லாம் அனுப்புன?"

"ஒனக்குத்தான் மொதல்ல."

"அக்காவுக்கு?"

"அடுத்து."

"அப்ப முடிஞ்சுச்சு," என்றான். கடையில் யாரோ பைப் விலை கேட்பது கேட்டது. விலையைச் சொல்லிவிட்டுத் திரும்ப வந்தான். "இரு, கெளம்பிடாத. வலப்பக்கத்துக் கதிர கிட்டப் போயி எடு. அந்த மீசைய எப்படி வெட்டியிருக்கான்னு தெரியணும்."

அந்த ஞாயிறு, பூசைக்குப் பிறகு கோயில் வாசலிலேயே கூட்டம் நடந்தது. பங்குத்தந்தை படத்தைத் தன் டேப்லெட்டில் பெரிதாக்கிக் காட்டினார். கோதுமைக் கதிரும் திராட்சைக் கொடியும் சேர்ந்தால் நற்கருணையின் அப்பமும் ரசமும் என்று விளக்கினார். பதர் என்பதே சித்திரத்தில் இல்லை. மண்டபக் கனவோடு நண்பனும் வந்து வேலியோரம் நின்றான்.

செயலாளர்தான் முதலில் பேசினார். அது மீன்பிடிக்கிற ஊர், அங்கே எப்படி வைத்தார்களோ நமக்கென்ன என்றார். நம் சுவரில் நெல் இருந்ததில்லை என்பதற்கு என்ன சாட்சி? அந்தோணியாருக்குப் பின்னால் இருந்ததை யார் பார்த்தார்கள்? போட்டது போட்டபடி இருக்கட்டும், அழகாகத்தானே இருக்கிறது.

"இத்தன வருஷமா எங்களப் பதருன்னு சொன்னப்ப நீங்க சாட்சி கேக்கலயேண்ணே," என்றாள் அக்கா. "கோதுமன்னா மட்டும் சாட்சி பத்தலையா?"

பதர் பக்கத்திலிருந்து யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. செயலாளரின் மனைவியும் சிரித்ததை நான் பார்த்தேன். செயலாளரும் பார்த்தார். அதன் பிறகு அவர் குரலில் வேறு ஏதோ ஏறிக்கொண்டது. இனி சுவரில் கைவைத்தால் நன்றாக இருக்காது என்றார். அதை யாரிடம் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது, ஏனென்றால் அவர் வேலியோரத்தைப் பார்த்துச் சொன்னார்.

பங்குத்தந்தை இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஊருக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது. செயலாளரைப் பகைத்துக்கொள்ளவும் முடியாது, பொய்யை வைத்துக்கொண்டு பூசை செய்யவும் முடியாது. அவர் முடிவு சொல்ல வாயெடுப்பதற்குள் நண்பன் முன்னால் வந்தான்.

"நான் பிரிச்சுட்டு மறுபடி போட்டுத் தர்றேன் ஃபாதர். எனக்கு ஒண்ணும் தர வேணாம்."

"அப்ப மண்டபத்தப் பத்தி அப்பறம் பேசுவோம்," என்றார் செயலாளர். அப்புறம் என்றால் எப்போது என்று யாரும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்து, கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். பங்குத்தந்தையே முடிவு சொல்லியிருப்பார், பழி அவரோடு போயிருக்கும். அவன் ஒரு ஆட்டோவுக்கு வழிவிட்டான். "மஸ்கட்ல தப்பாப் போட்டா அது போட்டவன் பேரு யாருக்கும் தெரியாது. இங்க எம்பேரு தெருவுக்கே தெரியும்டா. என் மக இந்த வழியாத்தான் காலேஜுக்குப் போவுது." அன்று மாலை மஸ்கட் மேஸ்திரிக்கு, பெருநாள் முடிந்ததும் சொல்லிவிடுவதாகத் தகவல் அனுப்பினான். பரண்மேல் போட்ட பெட்டியை மனைவி இறக்கி வெயிலில் வைத்ததாகக் கேள்விப்பட்டேன்.

அந்த வருஷம் தவக்காலமும் ரமலானும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. நண்பன் நோன்போடு சாரத்தில் ஏறினான். நெற்கதிரைப் பிரிப்பது அவனுக்குக் கடினமாக இல்லை. பழைய முறைப்படி சுண்ணாம்பில்தான் பதித்திருந்தான், நனைத்து உளியால் நெம்பினால் சில்லு சில்லாக வந்தது. கோதுமைதான் உயிரை வாங்கியது. ஒவ்வொரு மணிக்கும் ஒரு மீசை. ஒவ்வொரு மீசைக்கும் நூல் மாதிரி சன்னமாகக் கண்ணாடியை வெட்ட வேண்டும். வெட்டியதில் பாதி கையிலேயே உடைந்தது. தினமும் ஒரு சாண் உயரம் கூட ஏறவில்லை.

தவக்காலத்தில் கோயிலைக் கழுவிச் சுத்தம் செய்வது பெண்கள் சபையின் பொறுப்பு. அந்த வருஷம் கோயில் வழக்கத்தைவிட அதிகமாகச் சுத்தம் செய்யப்பட்டது. அக்காவும் மற்றவர்களும் விளக்குமாறோடு வந்து, கொஞ்சம் கூட்டிவிட்டு, சாரத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். முதல் நாள் டீ கொண்டுவந்து நீட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து அவர்களும் அங்கே டீ குடிக்கவில்லை. கேள்விகள் மட்டும் குறையவில்லை. இந்தக் கண்ணாடியில் எண்ணெய் பட்டால் போகுமா? அடுப்புக்குப் பின்னால் ஒட்டலாமா? பாத்ரூமில் உப்பு படியாத டைல்ஸ் என்று ஒன்று இருக்கிறதா? ஏற்கெனவே போட்டவன் தண்ணீர் வாட்டத்தைத் தப்பாக வைத்துவிட்டான், முழுதும் பேர்க்காமல் சரி செய்ய முடியுமா? நண்பன் வாயில் இடுக்கியை வைத்துக்கொண்டு மேலிருந்தே பதில் சொல்வான். பொழுதுபோகாத பேச்சு என்று என்னிடம் அலுத்துக்கொண்டான். மீசை வெட்டும்போது பேச்சுக் கொடுத்தால் மூச்சு ஆடுகிறது, கண்ணாடி உடைகிறது.

பெருநாளுக்குச் சில நாள் முன்னால் வேலை முடிந்தது. சாரத்தைப் பிரித்த பிறகு இரண்டு ஓரங்களும் ஒன்றைப் பார்த்து ஒன்று நின்றன. இடப்பக்கம் பழையது கொஞ்சம் மங்கல், வலப்பக்கம் கொஞ்சம் பளிச். கடற்கரைக் கோயிலை நேரில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு குறையும் இல்லை. அந்தோணியாரை வாசலுக்குப் பக்கத்தில் நல்ல வெளிச்சத்தில் வைத்துவிட்டார்கள்.

என் பலகையும் ஏறியது. கோதுமைக் கதிர்: நற்கருணை அப்பத்தின் அடையாளம். அதைப் படித்துவிட்டு ஆண்களில் சிலர், ஆக இரண்டு பக்கமும் பதர் என்று எழுதியிருக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். கோயில்பிள்ளை இன்னமும் சாவியைப் பதர் பக்கத்து ஜன்னலில்தான் வைக்கிறார். ஒரு பலகை செய்யக்கூடியது அவ்வளவுதான்.

செயலாளர் மண்டப வேலையைக் கும்பகோணத்து ஆள் ஒருவரிடம் கொடுத்துவிட்டார். நண்பனிடம் அவர் நேரில் சொல்லவில்லை, லாரியில் டைல்ஸ் பெட்டிகள் இறங்குவதைப் பார்த்துத்தான் தெரிந்தது. பெருநாளன்று பிரியாணி சாப்பிட அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். பெட்டி கூடத்தில் நின்றது. அவன் மனைவி அதைத் தாண்டித் தாண்டிப் பரிமாறினார். மகள் அதன்மேல் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டுப் போனாள்.

பெருநாளுக்கு மறுநாள் காலை அக்கா அவனைத் தன் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். பெருநாளுக்கு ஏதோ பலகாரம் கொடுக்கப்போகிறாள் என்று நினைத்து வந்தான். பலகாரம் இருந்தது. அதோடு பக்கத்து வீட்டு அம்மா, எதிர்வீட்டு மருமகள், அக்கா பள்ளி ஆசிரியைகள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கு அடுப்படி, ஒருவருக்குக் குளியலறை வாட்டம், ஒருவருக்குச் சாமி மாடத்தில் கண்ணாடிச் சில்லில் ஒரு சின்ன மயில். மஸ்கட் கூலி கேட்பீர்களா என்று அக்கா நேராகவே கேட்டாள். வலங்கைமான் கூலிதான் என்றான். அப்படியானால் முதலில் மாடிப்படி, மழையில் வழுக்குகிறது என்றாள்.

அவன் படியில் குனிந்து டேப்பை நீட்டியபோது மேஸ்திரியின் அழைப்பு வந்தது. இந்தியில் பேசினான். நான் கீழ்ப்படியில் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊரில் வேலை இருக்கிறது, வரவில்லை என்றான். அந்தப் பக்கத்திலிருந்து என்ன வேலை என்று கேட்டிருக்க வேண்டும்.

நீச்சல்குளம், மாளிகைச் சுவர், டால்பின் என்று நண்பனிடம் சொல்ல ஏராளமாக இருந்தது.

"பாத்ரூம்," என்றான். பிறகு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அடுத்த படியை அளக்கச் சொல்லி எனக்குக் கையைக் காட்டினான்.